ஒரு இஞ்சு வீக்கம்

தெருவில் எல்லாரும் அவளை மெஷினக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடையின் முன்பக்கம் புருஷன் துணி வெட்டுவார், பின்பக்கம் அவள் தைப்பாள். முப்பத்தொரு வருஷமாகக் கால் மிதி மெஷின்தான். மோட்டார் மாட்டச் சொன்னவர்களிடம், "அது ஓடுற ஓட்டத்துக்கு நான் ஓட மாட்டேன். என் கால் சொன்னா ஊசி நிக்கணும்" என்பாள். அவள் போட்ட தையல் மேல் ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். அதில் அவளுக்கு இருந்த கர்வத்தை மட்டும் இறைவன் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பான்.

அந்த மிதிக்கிற வலது முழங்கால்தான் தேய்ந்தது. வீங்கிச் சூடேறி, எழுந்தால் உட்கார முடியாமல், உட்கார்ந்தால் எழ முடியாமல் ஆனது. கடைசியில் ஆபரேஷன் செய்து புது மூட்டு வைத்தார்கள்.

"வீக்கம் வடிஞ்சுக்கிட்டே வந்தா ஆறாவது வாரம் மெஷின்ல உட்காரலாம். வடிஞ்சது திரும்ப ஏறினா உடனே வரணும். நீர் எடுத்துப் பார்க்கணும், தேவைப்பட்டா மறுபடி திறக்கவும் வேண்டி வரும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் முழங்காலைச் சுற்றி அளந்தாள், பதினெட்டு இஞ்சு. இரண்டாவது வாரம் அவளே குனிந்து அளந்தாள், பதினேழு. காலை நீட்டிப் படுத்தபடிதான் அளக்க வேண்டும், வேறு ஆள் அளக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் மூன்றாவது வாரம் புருஷன் அளந்து கடை நோட்டில் எழுதினார். பதினேழரை.

நோட்டை வாங்கி அவள் இரண்டு தரம் படித்தாள். "வலி குறைஞ்சிருக்கே. எப்படிங்க ஏறும்?"

"நான் அளந்தா தப்புமா? கிளம்பு" என்றார். அவர் குரலும் சரியில்லை.

வழி முழுக்கக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு போனாள். திரும்பக் கத்தி வைத்தால் மெஷினில் உட்காரும் காலம் இந்த ஜென்மத்தில் வருமோ என்னமோ.

"வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்கம்மா?" என்றார் டாக்டர்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஒன்பது. போன வாரம் அஞ்சு. இப்ப மூணு. அழகுக்காகச் சொல்லலைங்க, மெய்யாவே மூணுதான்."

"வலி இறங்குது, வீக்கம் ஏறுது. ஒத்து வரலையே." டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். நர்ஸ் டேப்பைச் சுற்றினாள். "பதினாறரை டாக்டர்."

ஒரே நாளில் ஒரு இஞ்சு எப்படி வடியும்?

"அண்ணே, நீங்க எப்படி அளந்தீங்க, கொஞ்சம் காட்டுங்க" என்றாள் நர்ஸ்.

ஆஸ்பத்திரிக்கும் கழுத்தில் டேப்போடுதான் வந்திருந்தார் அவர். அதை உருவி முழங்காலைச் சுற்றி நிதானமாகப் பிடித்தார். இடமும் சரி, பிடியும் சரி. காதிலிருந்த பென்சிலை எடுத்து, கையோடு கொண்டு வந்திருந்த கடை நோட்டில் எழுதினார்.

"ஏங்க, டேப்புல எவ்வளவு?" என்றாள் அவள்.

"பதினாறரை."

"நோட்டுல?"

அவர் குனிந்து பார்த்தார். பதினேழரை என்று இருந்தது. காது வரை சிவந்துவிட்டது அவருக்கு.

"தையலுக்கு ஒரு இஞ்சு விட்டுட்டேன்."

கடையில் அதுதான் வழக்கம். எந்த அளவும் ஒரு இஞ்சு சேர்ந்துதான் நோட்டில் ஏறும், மெஷினில் இருப்பவள் கணக்குப் போட வேண்டாம் என்று. முப்பத்தொரு வருஷமாக அந்த நோட்டைப் படித்தவளுக்கும் பயத்தில் அது புத்தியில் ஏறவில்லை.

"என் காலுக்கு என்ன, பேன்ட்டா தைக்கறீங்க?" என்று அவள் கேட்டதும் டாக்டரே சிரித்துவிட்டார்.

நர்ஸ் சிரிப்பை நிறுத்துவதாக இல்லை. அவள் பக்கம் திரும்பி மெஷினக்கா சொன்னாள்: "ரொம்பச் சிரிக்காதம்மா. இவர் எழுதின அளவுல இன்னைக்கு வரைக்கும் ஒரு துணியும் யாரையும் இறுக்கிப் பிடிச்சதில்லை."

கொஞ்சம் வீக்கமும் சூடும் சில மாதம் இருக்கும், வலி இறங்குகிறதே, அதுதான் முக்கியம் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். நீரும் எடுக்கவில்லை, திறக்கவும் இல்லை.

ஆறாவது வாரம் கும்பிட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். முதல் மிதியில் மூட்டு இழுத்தது. பல்லைக் கடிக்கும் அளவுக்கு இல்லை, உதட்டைக் கடிக்கும் அளவுக்குத்தான். பத்தாவது மிதியில் சக்கரம் பழைய பாட்டைப் பிடித்துக்கொண்டது. ஒரு முழுத் தையலை ஓட்டி முடித்து நூலை அறுத்தாள்.

அவர் ஸ்கேலை எடுத்து வந்து தையல் மேல் வைத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, எதிர்க்கடை வரை கேட்கும்படி சொன்னார்:

"ஒரு நூல் கூட விலகலை."