பேச்சி கேட்ட லீவு

சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருசமாகக் கொழுந்து பறிக்கிறவள் பேச்சி. வயசு நாற்பத்தேழு. கட்டினவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தாளா? ஊஹூம். கூடலூர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து விவாகரத்து வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

காளிமுத்து அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கழித்துவிடும் கவாத்து வேலை செய்கிறவர். மனைவி புற்றுநோயில் போய் நாலு வருசம். போன மழைக்கு முன்னால் ஒருநாள், வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சிகளைக் கட்டிக் கொண்டுவந்து பேச்சி வாசலில் போட்டார். "காட்டுக்குள்ள யானை நிக்குது, விறகுக்குப் போகாதீங்க." யானை அந்த வாரமே இறங்கிப் போய்விட்டது. விறகு வருவது மட்டும் நிற்கவில்லை. பேச்சிக்குப் புரியாதா என்ன? உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். அந்த மனுசனை அவளுக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

கல்யாணம் என்று முடிவானதும் காளிமுத்துவுக்கு உதறல் எடுத்துவிட்டது.

"வயித்து வலின்னு லீவு போடுவோம். கூடலூர் கோயில்ல தாலியைக் கட்டிட்டு சத்தமில்லாம வந்துடலாம். லைன் வீட்டு ஜனமெல்லாம் சிரிப்பாங்க, பேச்சி."

"நான் என்ன திருட்டா பண்றேன்? சத்தமில்லாம ஒருத்தன் போனதையே பார்த்தாச்சு. நாளைக்குப் பெரட்டுக்களத்துல எல்லார் முன்னாலயும் நீங்க வாயைத் திறக்கணும். இல்லைன்னா கல்யாணமும் வேண்டாம், உங்க விறகும் வேண்டாம்."

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்களெல்லாம் பெரட்டுக்களத்தில் கூடியிருந்தார்கள். பேச்சிதான் முதலில் போய் நின்றாள்.

"மூணு நாள் லீவு வேணும் தம்பி. கல்யாணம்."

சூப்பர்வைசர் பாலமுருகன் தலை தூக்காமல் கேட்டான். "யாருக்குங்க அக்கா?"

"எனக்குத்தான்."

களமே கொல்லென்று சிரித்தது.

"மாப்பிள்ளை யாருங்க?"

பேச்சி வாய் திறக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் அவள் இல்லை. திரும்பியும் பார்க்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. போச்சு, இந்த மனுசனும் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"நான்தானுங்க."

பின்வரிசையிலிருந்து காளிமுத்து முன்னால் வந்துகொண்டிருந்தார். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் களம் முழுக்கக் கேட்டது. "பேச்சியைக் கட்டிக்கப் போறது நான்தான். எனக்கும் மூணு நாள் எழுதுங்க."

பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு நாள் எங்க பத்தும்?" என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒரு வாரமா எழுது தம்பி."