காற்றுக்கு வழி வரைந்தவர்

குடியிருப்பு வாரியத்தில் அவரை எல்லோரும் ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஆறங்குல ஸ்கேல் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இருபத்தாறு ஆண்டுகளாக வீட்டு வரைபடம் வரைவது அவர் தொழில். அவர் வரைந்த வீடுகளில் பல ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். ஒருவருக்கும் அவரைத் தெரியாது. குளியலறைக் கதவைத் திறந்து முழங்கையில் இடித்துக்கொள்ளும்போது மட்டும் ‘எந்த மகராசன் வரைஞ்சானோ’ என்று நினைத்துக்கொள்வார்கள். புகழ் பலவகைப்படும்.

ஈயம் உருக்கும் ஆலைக்குப் பின்னால் தொண்ணூற்றாறு குடும்பங்கள் இருந்தன. கிணறுகளை மூடி முள்கம்பி சுற்றியாகிவிட்டது. குழந்தைகளின் ஈறில் ஈய விஷத்தின் நீலக்கோடு. அரசு இருபது ஆண்டுகள் ஆழ்ந்து யோசித்து, ஆலையை அசைக்க முடியாது, ஆட்களை அசைக்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. ‘இயற்கையோடு இணைந்த குடியிருப்பு’ என்று ஒரு கோப்பு பிறந்தது. அதற்குப் பச்சை அட்டையும் போட்டார்கள். பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

கோப்பு ஸ்கேலின் மேசைக்கு வந்தது. அவர் பிறந்ததே அந்த வரிசை வீடுகளில் ஒன்றில். வேலை கிடைத்து அவர் வெளியேறிவிட்டார். அக்கா அங்கேயே இருந்தாள். பழைய பேட்டரிகளை உடைத்துப் பிரிக்கும் வேலை செய்து தம்பியைப் படிக்கவைத்தவள். இப்போது கட்டிலிலிருந்து கதவுவரை நடக்கவே அவளுக்கு இரண்டு இடத்தில் நின்றாக வேண்டும்.

“மருந்து இனிமே பெரிசா ஒண்ணும் பண்ணாது. நல்ல காத்து கிடைச்சா, இருக்கற நாள் சிரமமில்லாம இருப்பாங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆகவே ஸ்கேல் காற்றுக்காக வரைந்தார். காற்று வரும் திசைக்குக் கட்டடங்களைத் திருப்பினார். நடுவில் மரங்கள், மழைத்தண்ணீர் தேங்க ஒரு குளம், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னும் பின்னும் நேருக்கு நேர் ஜன்னல்.

“ரெண்டு பக்கமும் எதுக்குய்யா ஜன்னல்?” என்றார் தலைமைப் பொறியாளர். “காத்து வந்தா போதாதா? வழியனுப்ப வேற ஏற்பாடா?”

“போக வழியில்லாட்டி அது வராது சார்.”

“என்னய்யா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி நிபந்தனை போடுது!”

எட்டு மாதம் சண்டை. பொறியாளர் பின்பக்க ஜன்னலை ஏழு தடவை அழித்தார். ஸ்கேல் எட்டு தடவை வரைந்தார். ஒரு தடவை வித்தியாசத்தில் இயற்கை வென்றது.

வீடுகள் எழும்பி, மக்கள் குடியேறிய பத்தாம் நாள் ஸ்கேல் பார்க்கப் போனார். மரக்கன்றுகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. குளத்தில் தண்ணீர் இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஜன்னல்களும் மூடியிருந்தன. விளிம்பில் செய்தித்தாள் ஒட்டி, அடியில் ஈரத்துணி செருகியிருந்தார்கள்.

வரைவதற்கு முன் பழைய இடத்தில் ஒவ்வொரு வீடாகப் போய், எத்தனை பேர், அடுப்பு எந்தப் பக்கம், துணி எங்கே காயும் என்றெல்லாம் கேட்டு எழுதியவர்தான். ஜன்னலைத் திறப்பீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. அதை யார் கேட்பார்கள்? அங்கே மாலை ஐந்தரைக்கு ஆலைச் சங்கு ஊதும், புகையைத் திறந்துவிடுவார்கள், அதற்குள் வீடுகள் மூடியிருக்கும். ஒழுக்கமான மக்கள்.

“என்னக்கா இது? எவ்வளவு மல்லுக்கட்டி வாங்கின ஜன்னல்!”

“நல்ல ஜன்னல்டா. என்னமா இறுக்கி மூடுது! பழசுல இடுக்கு வழியா வந்துடும்.”

“இங்க ஆலையே இல்லக்கா. காத்து அந்தப் பக்கத்துலேருந்து வரவே வராது.”

“வராதுன்னு எழுதிக் குடுத்துச்சா?”

கடைசியில், “சரி, திறந்து தொலை” என்றாள். இரண்டையும் திறந்தார். காலண்டர் தாள் படபடத்தது. அக்கா கண்ணை மூடி மெல்ல மூச்சை இழுத்தாள்.

“ஒரு வாடையும் இல்லையேடா. பயமா இருக்கு.”

பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அக்கா சிரித்தாள். ஸ்கேல் பின்ஜன்னலைத் தாழிட்டுவிட்டு, கையில் ஈரத்துண்டோடு நின்றார். மணி ஐந்தரை. எந்தச் சங்கும் ஊதவில்லை. அந்த இடத்தை விட்டு அவர் வந்து இருபத்தாறு வருடமாகிறது.

“நீயே சாத்திட்டியேடா, பெரிய காத்துக்காரா!” சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரமானது.

அதன்பின் தினமும் அலுவலகம் முடிந்ததும் வந்துவிடுவார். ஐந்தரைக்கு இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், யாரும் எழுந்து ஓடிவிடாதபடி. முதல் நாள் ஐந்து நிமிடம் தாங்கினார்கள். மூன்றாம் மாதம் நாற்பது நிமிடம். அக்கம்பக்கத்தார் அந்தத் திறந்த ஜன்னலைப் பார்த்து, அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

நான்காம் மாதம் ஒரு மதியம் அக்கா போய்விட்டாள். காற்று வந்தது, அதை வாங்கிக்கொள்ள உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

துக்கத்துக்கு வந்த பெண்கள் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தப் போனார்கள்.

“கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்மா” என்றார் ஸ்கேல்.

யாரும் மறுக்கவில்லை. ஐந்தரை நெருங்க நெருங்க எல்லோர் கண்ணும் கடிகாரத்தில். ஐந்தரை ஆனது. அக்காவுக்காக அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

“முடியல தம்பி, மன்னிச்சுக்கோ” என்று பக்கத்து வீட்டம்மாள் எழுந்தார்.

அதற்குள் ஸ்கேல் கையில் ஈரத்துண்டோடு ஜன்னலருகே போயிருந்தார்.