கழுத்துவரை பொத்தான்

எழுபதுகளின் கடைசியில், நாங்கள் குடியேறியிருந்த குளிர்நாட்டு நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், எங்கள் தெருமுனையில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை ஒன்று இருந்தது. அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்ப்பேன். குவாத்தமாலா மலைகளிலிருந்து வந்த பழங்குடிப் பெண். குள்ளமான உருவம், இறுக்கிப் பின்னிய சடை. இயந்திரங்களின் அனலில் நாங்களெல்லாம் கோட்டைக் கழற்றிவிடுவோம். அவள் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டபடி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் என் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். இருவருக்குமே அரைகுறை பிரெஞ்சுதான்.

"இதைப் பாத்தா உங்க ஊர் எதுன்னு தெரியுமா?"

"தெரியுமே! சுங்குடின்னாலே மதுரைதான்," என்றேன் பெருமையாக.

அவள் முகம் மாறியது. அவர்களிடமும் ஒவ்வொரு கிராமத்து ரவிக்கைக்கும் ஒரு தனி நெசவு உண்டாம்.

"சிப்பாய்ங்க ரோட்டை மறிச்சு நிப்பாங்க. ரவிக்கையப் பாத்தே எந்த ஊருன்னு கண்டுபிடிச்சிருவாங்க. கலகக்காரங்க ஊருன்னு சொல்லி எங்க ஊர்க்காரங்களைச் சந்தைக்குக்கூட விடமாட்டாங்க. நான் பக்கத்து ஊர் ரவிக்கையப் போட்டுக்கிட்டுத் தப்பிச்சேன். எங்க அக்கா நம்மளதுதான் போடுவேன்னு போனா. திரும்பி வரல."

சொல்லிவிட்டு எழுந்தாள். நாற்காலியில் கிடந்த என் கோட்டை எடுத்து எனக்கு மாட்டி, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட ஆரம்பித்தாள்.

"இங்க யாரும் மறிக்கமாட்டாங்களே," என்றேன்.

"அங்கயும் முன்னெல்லாம் மறிச்சதில்ல," என்று கழுத்துப் பொத்தானையும் போட்டாள்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தும்வரை அந்தப் பொத்தான்களில் கைவைக்க எனக்குத் துணிவு வரவில்லை.