மாத்தாள் வந்தால்தான் தறியை விடலாம்

தறி மண்டபத்தில் வாயால் பேசி வேலையில்லை. அவ்வளவு மெசின் சத்தம். முதல் நாள் சுப்பவைசர் என் காதுக்குள் கத்தினார். ஒரு மண்ணும் விளங்கவில்லை. பக்கத்துத் தறியில் நின்ற அலியார்தான் சிரித்துக்கொண்டு கையால் காட்டினான். இரண்டு விரலைப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரல் வாய்க்குப் போனால் தேத்தண்ணி. வலக்கையால் இடக்கையைத் தட்டினால், "மாத்தாள் வந்திட்டானா?"

மாத்தாள் என்றால் அடுத்த ஷிப்ட்டுக்காரன். அவன் வந்து தறியில் கை வைக்கும்வரை நாங்கள் நகரக் கூடாது. அவன் வராவிட்டால் அந்த ஷிப்ட்டும் நமக்குத்தான். அலியார் பேசாமல் நிற்பான். நான் திட்டித் தீர்த்துக்கொண்டு நிற்பேன்.

மில் மூடிப் பல வருடம். மண்டபத்துக்குள் இப்போது ஆடு மேய்கிறது. அண்மையில், மில்லின் பாரம்பரியத்தைச் சேகரிக்கிறோம் என்று சிலர் வந்தார்கள். துருப்பிடித்த தறியைப் படமெடுத்தார்கள், என்னிடமிருந்த, ஊடுநூல் ஓட்டும் நாடாவை வாங்கிக்கொண்டார்கள்.

"வேற என்ன ஐயா மிச்சம் இருக்கு?"

"ஒண்டுமில்ல தம்பி."

அந்த நேரம் பார்த்து அலியாரின் மகள் போனில் கோல் எடுத்தாள். பக்கவாதம் வந்து அவனுக்குப் பேச்சு நின்றிருந்தது. ஏறாவூருக்கு ஓடினேன்.

"மாமா, வாப்பா விடிய இருந்து கையத் தட்டித் தட்டி என்னவோ கேக்காரு. தண்ணி குடுத்தன், தலகாணிய மாத்தினன். அது இல்லையாம், கோபப்படுறாரு" என்று அழுதாள்.

செயலிழந்து கிடந்த இடக்கையை வலக்கையால் தட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அது விளங்கிவிட்டது.

"கத்தார்ல இருக்கிற காக்கா எப்ப வாறான் மகள்?" என்று அவள் அண்ணனைப் பற்றிக் கேட்டேன்.

"லீவு குடுக்காங்க இல்லையாம் மாமா. வாப்பாக்கிட்ட இன்னும் சொல்லல்ல."

கட்டிலோரம் இருந்தேன். அலியார் என் முகத்தைப் பார்த்து மறுபடியும் தட்டினான். மகன் வருகிறான் என்று பொய் சொல்ல மனம் உன்னியது. ஆனால் மண்டபத்தில் அந்தக் கேள்விக்கு எவனும் பொய் சொன்னதில்லை. இல்லை என்று கையை விரித்தேன். அவன் கண் நிறைந்தது. பிறகு கட்டில் சட்டத்தில் என் கையை அழுத்தி வைத்தேன்.

"நான் நிக்கிறன் மச்சான். நீ போ."

என் கையையே வெகுநேரம் பார்த்தான். அதற்குப் பிறகு தட்டவில்லை. அன்று மாலை, மஹ்ரிப் பாங்குக்கு முன் மூச்சடங்கி மவுத்தாகிவிட்டான்.

நிற்கிறேன் என்று சொன்னதால் இப்போதும் பின்னேரங்களில் அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். வேலைக்குப் போகும் பிள்ளைகளே, தொழில் நுணுக்கமெல்லாம் போகப் போகத் தெரியும். ஷிப்ட்டுக்கு மட்டும் நேரத்துக்குப் போங்கள். அங்கே ஒருவன் உங்களை எதிர்பார்த்து நின்றுகொண்டிருப்பான்.