என் வண்டியை நானே துடைப்பேன்

இளம்பிள்ளை வாதத்தில் என் இடது கால் மெலிந்துவிட்டதால் நான் ஓட்டியது சைடு வீல் பொருத்திய ஸ்கூட்டர். ஹைதராபாத்துக்கு சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த இரண்டாவது மழைக்காலத்தில், சைடு வீலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் துரு ஏறியது. ஜீடிமெட்லாவில் ஒரு பட்டறையில் கொடுத்து, பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் போட்டு வாங்கினேன். முகம் தெரிகிற கறுப்பு.

"பெட்ரோல் நக்கோ மேடம், தின்னர் பில்குல் நக்கோ" என்றார் பட்டறைக்காரர். பெட்ரோல் வேண்டாம், தின்னர் கூடவே கூடாது; சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதுமாம்.

ஞாயிறு காலைகளில் மெட்டுகுடா வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஷாம்பு கலந்த தண்ணீரில் பழைய பனியனை நனைத்துத் துடைப்பேன். தார் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு எடுப்பேன். ஒரு மணி நேரமாகும். அதற்குள் இரண்டு பேராவது, "நகரும்மா, நான் செய்றேன்" என்று வந்து நிற்பார்கள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துப்போகும்.

ஒரு ஞாயிறன்று தோழியின் கல்யாணத்துக்கு ஆட்டோவில் போய்விட்டு மதியம் திரும்பினேன். மாடி வீட்டு அங்கிள், மத்திய அரசு வேலையில் ரிட்டயரான தமிழர், தின்னர் பாட்டிலோடு என் வண்டி பக்கத்தில் நின்றிருந்தார்.

"ரோட்டுத் தார் பூரா அப்பியிருந்தது. ஒரு பொட்டு இல்லாம எடுத்துட்டேன் பாரு!"

குனிந்து பார்த்தேன். சட்டத்தில் தேய்த்த இடமெல்லாம் வெளுத்து, விரல் வைத்தால் பிசுபிசுத்தது.

"இதுக்கு தின்னர் போடக் கூடாது அங்கிள்."

"பெயிண்ட்டுதானேம்மா?"

"இது வேற. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ விடமாட்டியே. நீ கஷ்டப்படறதைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

"கஷ்டமா இருக்குன்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?"

நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது. அவர் பாட்டிலை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அடுத்த மூன்று ஞாயிறும் பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். மினுமினுப்பு வரவில்லை. மறுபடி கோட்டிங் போட ஒரு வாரம் வண்டியை விட வேண்டும். அது இல்லாமல் ஆபீஸ் போவது எப்படி? மங்கலோடேயே ஓட்டினேன். இதற்கிடையில், பெரியவரிடம் கத்திவிட்டேன் என்ற செய்தி கட்டடம் முழுக்கப் பரவியிருந்தது. அவர் மனைவி படிக்கட்டில் என்னை நிறுத்தி, "நல்லது செய்யத்தானே வந்தார்?" என்று கேட்டார்.

கடைசியில் நான்தான் மாடியேறிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"ஹவ், அதை விடும்மா" என்றார் அங்கிள், இந்த ஊர் 'ஆமாம்' போட்டு, உண்மையான பிரியத்தோடு. "அடுத்த தடவை எதை வெச்சுத் தொடைக்கணும்னு மட்டும் சொல்லிடு."

நான் சொல்லவில்லை. அந்த வாரமே பூட்டுப் போடுகிற கவர் ஒன்று வாங்கி வண்டிக்கு மாட்டினேன். அதற்கும் கட்டடத்தில் பேசினார்கள்.