பேனா நின்ற இடம்

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியே ஓய்வு பெற்ற அந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சிவப்பு மை. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் திருத்துவதற்குக் கணவர் ஒருவர்தான் மிச்சமிருந்தார். தாங்க முடியாமல் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்துக் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி மையத்தில், பரீட்சை எழுதிக் கொடுக்க ஆள் தேடினார்கள்.

"மாணவர் சொல்றத மட்டும்தான் எழுதணுமாம். வாயே திறக்கக் கூடாதாம்," என்றார். கணவர் குரலில் அந்த மாணவர்கள் மேல் லேசான பொறாமை இருந்தது.

சிவப்பு மை சத்தியமாக வாய் திறக்கவில்லை. பார்வையில்லாத ஒரு மாணவன் சொன்ன தப்புகளையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். என்ன, தப்பு வரும் இடத்தில் பேனா மட்டும் தானாக நின்றுவிடும். தாளில் கீறும் சத்தம் நின்றதும் அவன் பதிலை மாற்றிவிடுவான். பையன் சுயமாக யோசித்துத் திருத்திக்கொள்கிறான் என்று இவர் பூரித்துப் போவார். அவனும் ஒவ்வொரு பரீட்சைக்கும் இந்த டீச்சரையே கேட்டு வாங்கிக்கொண்டான்.

கடைசிப் பரீட்சை புவியியல். பாஸானால் ஆசிரியர் பயிற்சியில் இடம் தயார். உலகின் மிகப் பெரிய பாலைவனம் பற்றி ஒரு பெரிய கேள்வி.

"அண்டார்டிகா," என்று ஆரம்பித்தான்.

பேனா நின்றது.

உடனே, "சகாரா," என்றான். பேனா குஷியாக ஓடியது. மணலும் ஒட்டகமுமாகப் பக்கங்கள் நிறைந்தன.

அந்தக் கேள்வியில் போன மார்க்கில்தான் ஃபெயில்.

மறுபரீட்சைக்கு அவன் வேறு ஆளைக் கேட்டிருக்கிறான் என்று தெரிந்ததும் சிவப்பு மை மையத்துக்கே போய்விட்டார்.

"ஏம்ப்பா, நான் என்ன பண்ணேன்? ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?"

"நீங்க பேசல டீச்சர். பேனா நின்னுச்சு."

"ஐஸ்கட்டியப் போய்ப் பாலைவனம்னா, யாருக்குத்தான் கை ஓடும்?"

"மழை இல்லன்னா பாலைவனம்தான் டீச்சர். ஒட்டகம் இருந்தே ஆகணும்னு இல்ல."

சிவப்பு மைக்கு முகம் சுண்டிவிட்டது. பேச்சை மாற்றினார். "சரி, யார் எழுதறாங்க?"

"ஃபர்ஸ்ட் இயர் காமர்ஸ் பொண்ணு."

"அதுக்குப் புவியியல்ல ஒண்ணும் தெரியாதேப்பா."

"விசாரிச்சுட்டேன் டீச்சர். சுத்தமா தெரியாதாம்." அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பரீட்சை நாளில் அந்தப் பெண், அவன் சரியாகச் சொன்னதையும் தப்பாகச் சொன்னதையும் ஒரே வேகத்தில் கிறுக்கித் தள்ளினாள். எது சரி, எது தப்பு என்று பேனா காட்டிக் கொடுக்காததால், அவன் தன் மூளையையே நம்ப வேண்டியதாயிற்று.

பாஸானதும் சிவப்பு மைக்குத்தான் முதல் போன். மார்க்கைக் கேட்டு அவருக்கு நிஜமான சந்தோஷம். போனை வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னார்:

"நல்ல புள்ள. அந்தப் பொண்ணு எத்தன சந்திப் பிழை விட்டுச்சோ, யாரு கண்டா. நான் எழுதியிருந்தா இன்னும் அஞ்சு மார்க் சேர்த்து வந்திருக்கும்."