ஐந்தாவது பாட்டில் தவறிய தாளம்

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய மாதம். சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் என் வாடகை அறைக்குக் கீழே கூட்டம் சேரத் தொடங்கியிருந்த நேரம்.

பகலில் ஒரு கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறேன். சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் என்பதால், ஓய்வு நேரத்தில் சம்பளமில்லாமல் ஓர் எமுலேட்டருக்கும் எழுதுகிறேன். பழைய வீடியோ கேம் பெட்டிக்கான கேம்களைக் கணினியிலேயே ஓடவைக்கும் மென்பொருள் அது.

அதில் கேம் டிஸ்க்கின் நகலைப் படிக்கும் பகுதியைச் சீர்செய்யக் கையில் எடுத்தேன். பத்துப் பேர் பத்து விதமாக ஒட்டுப்போட்டு வைத்திருந்தார்கள். பார்க்கப் பார்க்க எரிச்சல். வெட்டித் தள்ளினேன். ஒரு வரி, டிஸ்க்கில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலிருந்து ஒரு சின்ன எண்ணைக் கழித்தது. ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. “எவன்டா இதை எழுதினது?” என்று திட்டிவிட்டு அதையும் தூக்கினேன். ஒரு கேமைப் போட்டுப் பார்த்தேன், முதல் பாட்டு சரியாகக் கேட்டது. அவ்வளவுதான், புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண்மணி புகார் எழுதினார். தாளத்துக்கு ஏற்பப் பொத்தானை அழுத்தும் கேமில் தாளம் பிந்துகிறது, இல்லை என் கணவரின் கைதான் பிந்துகிறதா தெரியவில்லை என்று. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் திமிர் வந்ததோ! ‘எனக்குச் சரியாக வேலை செய்கிறது’ என்று ஒரே வரி எழுதிப் புகாரை மூடினேன்.

பத்து நாள் கழித்து அவரே மறுபடி எழுதினார். கணவர் பஸ் ஓட்டுநர். பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. தினமும் காலையில் இந்த கேம் ஆடித்தான் விரல்களைப் பழக்கினாராம், தேறியும் வந்தாராம். இப்போது கை மறுபடி போய்விட்டது என்று பயிற்சியையே விட்டுவிட்டார். ‘நீங்களும் சிங்கப்பூர் என்று உங்கள் விவரத்தில் போட்டிருக்கிறது. நாங்கள் ஆங் மோ கியோவில் இருக்கிறோம். ஒருமுறை வந்து பார்க்க முடியுமா?’

படித்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை. முகவரி கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போனவன், கறிவேப்பிலைப் பையோடு அப்படியே ரயில் ஏறினேன். ரயிலில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

வீட்டில் இருந்த கணவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கேமைத் தொடவே மாட்டேன் என்றார்.

“வேணாம் தம்பி, இந்தக் கை அவ்வளவுதான்.”

கெஞ்சிக் கேட்டதும் ஆடினார். முதல் பாட்டில் நன்றாகவே அழுத்தினார். எனக்கு உள்ளுக்குள் ஓர் அற்ப நிம்மதி, என் மேல் தப்பில்லை என்று.

“அஞ்சாவது பாட்டப் போடுங்க, அதுலதான் வரும்,” என்றார் புகார் எழுதிய அக்கா.

போட்டோம். அவர் அழுத்தியதில் தாளத்தோடு ஒன்றுகூட விழவில்லை. அவர் கன்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீங்க ஆடிப் பாருங்க லா தம்பி,” என்றார் அக்கா.

ஆடினேன். நல்ல கை இரண்டும் இருந்தும் எனக்கும் ஒன்றுகூட விழவில்லை. மறுபடி ஆடினேன். அதே கதை. அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும் விழலயா?”

“விழலண்ணே.”

“அப்ப... என் கை இல்லையா?”

கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். “இல்லண்ணே. நான்தான் கெடுத்துட்டேன்.”

“ரெண்டு வாரமா லா...” என்று தொடங்கிய அக்கா, முடிக்காமல் சமையலறைக்குள் போய்விட்டார். அண்ணன் இடது கையை மூடி மூடித் திறந்து பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவர்கள் சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். நான் தூக்கிய எண் மிகச் சின்னது. ஒரு பாட்டில் காதுக்கே தெரியாது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு சேர்ந்து, ஐந்தாவதில் தாளமே தப்பிவிடுகிறது. எண்ணைத் திருப்பி வைத்து, ஏன் தேவை என்று பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். அவர் ஆடினார். பாதிதான் விழுந்தது. “இன்னொரு வாட்டி போடு தம்பி,” என்றார்.

அடுத்த வாரம் அக்கா செய்தி அனுப்பினார். ‘இப்ப அவரு தப்பு விட்டா, இது உங்க தப்புதான், கேம் தப்பில்லன்னு அவரத் திட்டுறேன் தம்பி. சிரிக்கிறாரு.’

என் தவறை ஒரு மனிதர் இரண்டு வாரம் தன் கையில் சுமந்திருக்கிறார். அதனால் ‘எனக்குச் சரியாக வேலை செய்கிறது’ என்று எழுத விரல் துடிக்கும்போதெல்லாம், இன்றும் ஐந்தாவது பாட்டுவரை கேட்டுவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன்.